சாம்பல் வெளிச்சம்

என் கணவர் மேல் எனக்கு அன்பு இல்லை என்று முதலில் சொன்னது மாமியாரும் இல்லை, நாத்தனாரும் இல்லை. ஒரு விளையாட்டு. மனுஷர்கள் யாராவது சொல்லியிருந்தால் வாயாலேயே ஒரு வழி பண்ணியிருப்பேன். விளையாட்டிடம் போய் என்னத்தைப் பேசுவது?

'ஏழ்வாயில்' தெரியாதவர்கள் இப்போது திருச்சியில் குறைவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, சட்டைக்குள் ஒரு பனியன். கண்ணாடியைப் போட்டால் கோட்டை, கணவாய், அரக்கன் எல்லாம் எதிரே வந்து நிற்கும். பனியன் என்று நாங்களாகத்தான் பெயர் வைத்துக்கொண்டோம். அதன் இழைகளுக்குள் கருவிகள் இருக்கின்றன. அரக்கன் அடித்தால் அடிபட்ட இடத்தில் அது இறுக்கும், சுருக்கென்று வலிக்கவும் செய்யும். நான்கு பேர் சேர்ந்தால் ஒரு குழு. ஒருவர் கேடயம் பிடிக்க வேண்டும், ஒருவர் மந்திரம் போட வேண்டும், ஒருவர் முன்னால் போய் வேவு பார்க்க வேண்டும். நான்காவது ஆள் பூசாரி. பூசாரி சண்டைக்குப் போகக் கூடாது. அடிபட்டு விழுந்தவரிடம் ஓடி, சுடரம்மை என்கிற அந்த உலகத்துச் சாமியை வேண்டிக்கொண்டு, காயத்தின் மேல் கை வைக்க வேண்டும். கையிலிருந்து வெளிச்சம் வரும், காயம் ஆறும். எங்கள் குழுவுக்கு நான்தான் பூசாரி.

என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கருமண்டபத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என்னிடம் ஓட்டப் பழகியவர்கள் யாரும் வண்டியை எங்கும் முட்டியதில்லை. ஆனால் பாதிப் பேராவது என்னிடம் அழுதிருப்பார்கள். பக்கத்து சீட்டில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கிறது. அதைவிட வேகமாக வேலை செய்வது என் வாய் என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்வது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கேடயம் பிடிப்பது என் கணவர் மதியழகன். பாலிடெக்னிக்கில் கருவியியல் சொல்லித் தருகிறார். நல்ல மனிதர், ஆனால் மந்தம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதைக்கூட நான் சொன்னால்தான் பார்ப்பார். மந்திரக்காரி என் கல்லூரித் தோழி வஹீதா, பிசியோதெரபிஸ்ட். வேவு பார்ப்பவர் செலஸ்டின். தூத்துக்குடிக்காரர், முகம் பார்த்ததில்லை. ஆள் குறைகிறது என்று விளையாட்டே கொண்டு வந்து சேர்த்துவிட்ட மனிதர். "சரிக்கா", "வாரேன்க்கா" தவிர அவர் வாயிலிருந்து பெரிதாக எதுவும் வராது.

சனிக்கிழமை மாலைகளில் அவரவர் வீட்டிலிருந்தே இரண்டு வருஷமாக விளையாடிக்கொண்டிருந்தோம். அப்புறம் கம்பெனிக்காரர்கள் புதுப் பனியன் கொண்டு வந்தார்கள். பழைய ஆட்டத்தில் பூசாரி யார் மேல் கை வைத்தாலும் ஒரே வெளிச்சம்தான். புதியதில் அப்படி இல்லை. ஒருவருக்குப் பொன்னாக வந்தது, ஒருவருக்கு மஞ்சளாக வந்தது, ஒருவருக்கு வெறும் சாம்பலாக வந்தது. பொன் வெளிச்சம் பட்டால் செத்தவன்கூட எழுந்து ஓடுவான். சாம்பல் பட்டால் ஒரு சிராய்ப்புகூட ஆறாது. எதை வைத்து நிறம் மாறுகிறது என்று கம்பெனி சொல்லவில்லை. 'உண்மையான உறவின் ஒளி' என்று மட்டும் விளம்பரத்தில் போட்டார்கள். மிச்சத்தை ஊர் சொல்லிவிட்டது. பூசாரியின் மனதில் யார் மேல் எவ்வளவு அன்பு இருக்கிறதோ அவ்வளவு வெளிச்சம் என்று.

புதுப் பனியன் போட்ட முதல் நாளே ஒரு பாலத்தின் மேல் மதியை அரக்கன் அடித்துச் சாய்த்தான். கேடயத்தைத் தூக்குங்க, தூக்குங்க என்று கத்திக்கொண்டேதான் ஓடினேன். கை வைத்தேன். சாம்பல். வேண்டிக்கொண்டு மறுபடியும் வைத்தேன், மறுபடியும் சாம்பல். மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருக்க என் கைக்கடியில் அவர் செத்துப்போனார். அடுத்து செலஸ்டினுக்கு அடிபட்டது. அவர் மேல் என் கை படக்கூட இல்லை, பக்கத்தில் கொண்டு போனதற்கே பாலம் முழுக்கப் பொன்னாகிவிட்டது.

கண்ணாடியைக் கழற்றியதும் மதி பனியனை மடித்து அலமாரியில் வைத்தார். தோசை ஊற்றவா என்று கேட்டார். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். வஹீதாவுக்கு மட்டும் இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் வரும். நான்கூட இயந்திரக் கோளாறு என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. என்னிடம் கிளட்ச் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண், மாப்பிள்ளைக்குத் தன் கையால் மஞ்சள்கூட வரவில்லை என்று நிச்சயத்தை நிறுத்திவிட்டாள். எங்கள் தெருவில் ஓர் அம்மா, மருமகளைப் பூசாரியாக்கி மகனைப் படுக்கவைத்துச் சோதித்தாராம். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு நிறத்தையும் கேட்க ஆரம்பித்தார்கள். புதுக்கோட்டையிலிருந்து நாத்தனார் போன் பண்ணி, தம்பி இளைத்துப் போய்விட்டானே, வீட்டில் எல்லாம் நல்லபடியாகத்தானே இருக்கிறது என்று இழுத்தார். யார் சொல்லி அவருக்குத் தெரிந்ததோ.

எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் பயம் வந்தது. இத்தனை வருஷம் இந்த மனிதருக்குச் சமைத்திருக்கிறேன், காய்ச்சலில் துடைத்துவிட்டிருக்கிறேன், அவர் அப்பா இறந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இதெல்லாம் அன்பு இல்லை என்றால் வேறு என்ன? பழக்கமா? கடமையா? அவரைப் பார்க்கும்போதெல்லாம் மனதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எதையாவது அப்படிச் சதா தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது மரத்துத்தானே போகும், போனது. அவருக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்தேன். சாப்பிடும்போது முகத்தையே பார்த்தேன். முள்ளைப் பார்த்துச் சாப்பிடுங்கள், எத்தனை தடவை சொல்வது என்றும் சொன்னேன். அந்தச் சனிக்கிழமையும் சாம்பல்தான் வந்தது.

இதைவிட மோசமானது இன்னொன்று நடந்தது. செலஸ்டினைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். பொன் பொய் சொல்லாது என்று ஊரே சொல்லும்போது, எனக்குத் தெரியாமல் எனக்குள் ஏதாவது இருக்குமோ என்று தேடினேன். தேடினால் கிடைக்காமலா போகும்? அந்த "சரிக்கா" இதமாக இருக்கிறதே என்று தோன்றியது. மற்றவர்களைப்போல அவரை நான் விரட்டியதில்லையே என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை, கண்ணாடி போடப் போகிறவள் கண்ணுக்கு மை இட்டுக்கொண்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாங்க முடியாமல் மதியிடம் போய் நின்றேன்.

"எனக்கே தெரியலங்க," என்றேன். "அந்த ஆளு மேல ஏதோ இருக்குமோன்னு தோணுது. நான் ஒண்ணும் பண்ணல. சத்தியமா ஒரு வார்த்தை பேசல. ஆனா இருக்குமோன்னு தோணுது."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். ரொம்ப நேரம் ஏதோ சொல்லப் போகிறவரைப்போலவே இருந்தார். பிறகு, "உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன் சுபா," என்றார். "நீ என்ன பண்ணுவ."

அழுதேன். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். எவ்வளவு பெரிய மனது இந்த மனிதருக்கு என்று நினைத்து இன்னும் அழுதேன். அந்த வாரமே திண்டுக்கல் பாலிடெக்னிக்குக்கு மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கொஞ்ச நாள் தனித்தனியாக இருந்து பார்க்கலாம் என்றார். அவர் கேட்ட மாறுதல் எதுவும் இதுவரை வந்ததில்லை, இது மட்டும் உடனே வந்துவிட்டது.

வஹீதாதான் என்னைத் திட்டினாள். முகம் தெரியாத ஒருவனுக்காக யாராவது குடும்பத்தைக் கலைப்பார்களா, முதலில் போய் அந்த ஆளை நேரில் பார், என்ன தோன்றுகிறது என்று தெரிந்துகொள், நானும் வருகிறேன் என்றாள். விடியற்காலையில் என் எல் போர்டு வண்டியிலேயே தூத்துக்குடிக்குக் கிளம்பினோம். கோவில்பட்டி தாண்டியபோது திரும்பிவிடலாமா என்றுகூடக் கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பார்க்க வருகிறோம் என்றதற்கு செலஸ்டின் சொன்ன இடம் வீடு இல்லை, டயாலிசிஸ் நடக்கும் இடம். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். மூன்றாவது கட்டிலில் ஒல்லியாக, நரைத்த தாடியோடு படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஸ்டெல்லா வயர் கூடை பின்னிக்கொண்டிருந்தார். "பூசாரியம்மாவா! வாங்க வாங்க, உங்களப் பத்தித்தான் வீட்ல எப்பவும் பேச்சு," என்று எழுந்து நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். பூனைபோலப் பதுங்கிப் பதுங்கி வந்தவளுக்கு அந்த நாற்காலியில் உட்காரவே வெட்கமாக இருந்தது.

அவரைப் பார்த்ததும் என்ன தோன்றியது என்று உண்மையாகவே சொல்கிறேன். பாவம் என்று தோன்றியது. வேறு ஒன்றுமே தோன்றவில்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு நல்ல மனிதரைப் பார்ப்பது போல இருந்தது. அப்பாடா என்றும் இருந்தது, இதற்காகவா இத்தனை அழுகை என்றும் இருந்தது.

நர்ஸ் ஊசியோடு வந்தாள். பார்த்தாலே பதறும் அளவுக்குப் பருமனான ஊசி. செலஸ்டின் எங்களிடம் பேசிக்கொண்டே கையை அவள் பக்கம் நீட்டினார். அது அவருடைய கை என்பதையே மறந்துவிட்டவர் மாதிரி நீட்டினார். ஊசி இறங்கியபோது புருவம்கூட அசையவில்லை. வலிக்காதா என்று வஹீதா கேட்டாள்.

"முதல்ல உயிரு போவும்," என்றார். "அப்புறம் பழகிருச்சு. கை கிட்ட வந்தாலே உடம்ப லேசா விட்டுருவேன். இறுக்குனாதான் வலிக்கும்லா. இப்பல்லாம் எந்தக் கை வந்தாலும் உடம்பு தானா விட்டுருது."

வஹீதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"எங்க கிளினிக்குக்கு இதே பனியன் வந்திருக்கு சுபா," என்றாள். "விளையாட இல்ல. முதுகுவலிக்காரங்களுக்குப் போட்டுப் பாக்க. நாம கை வைக்கப் போறப்ப அவங்க தசை இறுகுதா, விடுதான்னு அது காட்டும். இறுகுனா சாம்பல். முழுசா விட்டுட்டா பொன். அதே கலரு. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். இன்னிக்கு அந்த மனுஷன் கையப் பாத்ததும் உறுதியாயிருச்சு."

எனக்கு உடனே பிடிபடவில்லை. அப்படியானால் என் பனியன் எதை அளக்கிறது என்று கேட்டேன்.

"உன்னுது எதையும் அளக்கல. அடிபட்டவங்க பனியன்தான் அளக்குது. உன் கை கிட்ட வர்றப்ப அவங்க உடம்பு என்ன பண்ணுதுங்கிறதுதான் விஷயம். உன் மனசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். மாதக்கணக்கில் என் மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. எனக்கு அன்பு இருக்கிறது! எனக்கு என்றைக்கும் இருந்தது. சாம்பல் என்னுடையது இல்லை, அவருடையது. வாழ்ந்த வீட்டில், கட்டிய மனைவி கை வைத்தால் அந்த மனிதருக்கு நம்பிக்கை இல்லை. இதற்கு நான் அழுதிருக்கிறேன், மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவரும் பெரிய மனிதராக என்னை மன்னித்திருக்கிறார்.

"ஆமா, உனக்கு ஏன்டி மஞ்சள் வந்துச்சு?" என்று வஹீதாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"உன்னைக் காலேஜ்ல இருந்து தெரியும்ல," என்றாள். அவள் சிரிக்கவில்லை. எனக்கிருந்த சந்தோஷத்தில் அதை நான் யோசிக்கவும் இல்லை.

திருச்சி வரை நான் ஓட்டிய ஓட்டத்தை என் மாணவர்கள் யாராவது ஓட்டியிருந்தால் காதைப் பிடித்துக் கீழே இறக்கியிருப்பேன். மதியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். என்னிடம் என்ன குறை கண்டீர்கள்? வாய் திறந்து ஒரு நாள் சொன்னதுண்டா? ஊரே என்னைக் கேவலமாகப் பார்த்தபோது உங்கள் உடம்பல்லவா என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது? நன்றாக, கோர்வையாக வந்தது. வஹீதாவை அவள் வீட்டில் இறக்கிவிட்டபோது, "மெதுவாப் பேசு சுபா," என்றாள். சரி சரி என்று வண்டியைக் கிளப்பினேன்.

வெயில் இன்னும் தாழவில்லை. மதி கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் திண்டுக்கல் போக வேண்டும். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். "நில்லுங்க," என்றேன். அலமாரியில் தொங்கிய அவருடைய பனியனைக் காட்டுவதற்காகக் கையைத் தூக்கினேன்.

அவருடைய தோள் இரண்டும் காதுவரை ஏறின. தாடை இறுகியது. கண்ணை மூடிக்கொண்டார்.

கை அப்படியே நின்றுவிட்டது. என் வாழ்நாளில் அவரை நான் அடித்ததில்லை. அடிக்க ஓங்கியதும் இல்லை. அவருக்கும் அது தெரியும். ஆனால் அவர் உடம்பு வேறு எதையோ எதிர்பார்த்து நின்றது, அடியைவிடப் பழகிப்போன ஒன்றை. நான் வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்ததை.

கண்ணைத் திறந்தவர் என் கையைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார். என்ன கேட்க வந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"தெரிஞ்சுபோச்சா," என்றார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் மாசமே தெரியும். லேப்ல பிரிச்சுப் பாத்தேன். இறுகுறத மட்டும்தான் அது பாக்குது." ஒரு சட்டையை எடுத்தார், மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "விட்டுரணும் விட்டுரணும்னு ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். நீ பக்கத்துல வந்ததும் என்னால முடியல சுபா."

அந்தச் சனிக்கிழமைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அழுதது, இவர் தண்ணீர் கொண்டு வந்தது. எல்லாம் தெரிந்துதான் கொண்டு வந்திருக்கிறார். இல்லாத ஒரு காதலை நான் ஒப்புக்கொண்டபோது, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். கோபம் குபுகுபுவென்று நெஞ்சுவரை வந்தது. நியாயமான கோபம்தான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றேன். குரலை எவ்வளவோ தாழ்த்தித்தான் கேட்டேன்.

"எப்படிச் சொல்றது?" என்றார். "சொன்னா நீ சத்தம் போடுவ."

அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் துணி நனையும் என்பதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு அவர் அறியாமலே ஓரடி பின்னால் போய்ப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கையைக் கீழே இறக்கினேன். அதைக்கூட மெதுவாக இறக்க வேண்டியிருந்தது.

அவர் பக்கம் போக வேண்டும்போல இருந்தது. போனால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்துவிட்டேன். ஏதாவது பேசலாம் என்றால், எனக்குத் தெரிந்த பேச்செல்லாம் அவரைக் கண்ணை மூடவைக்கிற பேச்சாகவே இருந்தது. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

என் மௌனத்தையும் அவர் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். சட்டையை அவசர அவசரமாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"கோவப்படாத சுபா," என்றார்.

நான் கோபப்படவே இல்லை. அதை அவருக்கு எப்படிக் காட்டுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.